ரேடாரில் தெரிவதெல்லாம் மழையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வானிலை ரேடார் படங்களில் தென்படும் விநோதமான கோடுகள், வளையங்கள், புள்ளிகள் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. கேட்டவர்களில் பலர் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் சென்னை, காரைக்கால் ரேடார்களைப் பார்ப்பவர்கள். அதனால் உதாரணங்களும் பெரும்பாலும் அங்கிருந்தே.

ஏப்ரல், மே மாதங்களில் இரவு ஒன்பது, பத்து மணிக்குச் சென்னை ரேடார் படத்தைத் திறந்தால், கடலெங்கும் மஞ்சளும் சிவப்புமாகப் புள்ளிகள் இறைந்து கிடக்கின்றன. மழை கரைக்கு வரும் என்று காத்திருந்தால் விடியும்வரை அங்கேயே நிற்கிறது. அது என்ன? (வாசகர், தாம்பரம்)

அது கடல்தான். ரேடார் அனுப்பிய அலைக்கற்றை மேலே போவதற்குப் பதிலாக வளைந்து, கடல் அலைகளிலும் கப்பல்களிலும் பட்டுத் திரும்பியிருக்கிறது.

உயரே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறைவதால், ரேடார் கற்றை எப்போதுமே லேசாகக் கீழ்நோக்கி வளையும். பூமி அதைவிட வேகமாக வளைந்து விலகுவதால், தூரம் போகப் போகக் கற்றை தரையை விட்டு உயர்ந்துகொண்டே இருக்கும். கோடையில் இந்தக் கணக்கு தப்பிவிடுகிறது. பகலெல்லாம் காய்ந்த நிலத்தின் மேலிருந்து வரும் சூடான, வறண்ட மேற்குக் காற்று கடலுக்கு மேலே சில நூறு மீட்டர் உயரத்தில் பரவுகிறது. அதற்கு அடியில் கடலை ஒட்டிக் குளிர்ந்த ஈரக்காற்று. இரண்டும் சந்திக்கும் மெல்லிய அடுக்கில் ஈரப்பதம் திடீரென்று விழுகிறது, வெப்பம் ஏறுகிறது. காற்றின் ஒளிவிலகல் எண் ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு 157 அலகுக்கு மேல் குறைந்தால் (ஒரு அலகு என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு; சாதாரண நாளில் இது 40 அலகு அளவில்தான் இருக்கும்) கற்றை பூமியின் வளைவைவிட அதிகமாக வளைந்து, அந்த அடுக்குக்குள் குழாயில் சிக்கிய தண்ணீர் போலக் கடல் பரப்பை ஒட்டியே ஓடும்.

அப்படியானால் தரையும் கட்டடங்களும் ஏன் அவ்வளவாகத் தெரிவதில்லை? அசையாத பொருளிலிருந்து வரும் எதிரொலியை, அதன் வேகம் பூஜ்யம் என்பதை வைத்து ரேடாரின் வடிகட்டி நீக்கிவிடும். கடல் அலையோ கொஞ்சம் அசைகிறது. வடிகட்டியை ஏமாற்ற அந்த அசைவு போதும். காற்றாலைகளின் சுழலும் இறக்கைகள் தப்பிப்பதும் இதே வழியில்தான்.

சோதித்துப் பார்க்க முதலில் தொடர்படத்தை ஓட்டுங்கள். மழை நகரும், வளரும், தேயும். இது நின்ற இடத்திலேயே மினுக்கும். அடுத்து, மேக்ஸ்-இசட் எனப்படும் படத்தின் மேற்புறமும் வலப்புறமும் உள்ள உயரப் பட்டைகளைப் பாருங்கள். சிவப்பு நிறம் காட்டும் உண்மையான இடிமேகம் குறைந்தது ஆறேழு கிலோமீட்டராவது எழும்பி நிற்கும். கடல் எதிரொலி பட்டையின் அடியோடு ஒட்டிக் கிடக்கும். மூன்றாவதாக, அதே நேரத்து அகச்சிவப்புச் செயற்கைக்கோள் படம். அங்கே மேகமே இல்லையென்றால் பேச்சுக்கு இடமில்லை.

ஒரு எச்சரிக்கை. இடிமழை கொட்டி ஓய்ந்த பிறகு தரையோடு பரவும் குளிர்காற்றும் இதே குழாயை உண்டாக்கும். அப்போது உண்மை மழையும் போலி எதிரொலியும் ஒரே படத்தில் கலந்திருக்கும். அங்கே நிறத்தை நம்பாமல் உயரப் பட்டையை மட்டும் நம்புவது நல்லது.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் காரைக்கால் ரேடாரைப் பார்த்துத்தான் மழை வருமா என்று சொல்கிறோம். மார்கழியில் வீட்டு முற்றம் நனைந்துகொண்டிருக்கும். படத்தில் எங்கள் பக்கம் வெறுமையாக இருக்கும். சில நாள் நேர்மாறு. இதை நம்பலாமோ? (வாசகி, யாழ்ப்பாணம்)

நம்பலாம். ஆனால் அது உங்கள் முற்றத்தைப் பார்ப்பதில்லை, முற்றத்துக்கு மேலே இரண்டரை கிலோமீட்டரைப் பார்க்கிறது.

கணக்கு எளிது. தொலைவைக் கிலோமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி 17,000-ஆல் வகுங்கள். அது பூமியின் வளைவால் வரும் உயரம். ஆண்டெனா அரை டிகிரி நிமிர்ந்திருந்தால், தொலைவை 0.0087-ஆல் பெருக்கி அதோடு கூட்டுங்கள். காரைக்காலிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 140 கி.மீ. கற்றையின் நடுப்பகுதி அங்கே 2.4 கி.மீ. உயரத்தில் போகிறது. கற்றையின் அகலம் ஒரு டிகிரி என்றால் அங்கே அதன் தடிமனும் ஏறத்தாழ 2.4 கி.மீ. ஆக அது பார்ப்பது 1.2 முதல் 3.6 கி.மீ. வரையிலான வானத்தை. மார்கழித் தூறலைத் தரும் மேகங்கள் பல நேரம் இரண்டு கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. கற்றையின் அடிப்பகுதி மட்டும் அவற்றை உரசிப் போகும். எதிரொலி பலவீனமாகி நிறப்பட்டியலுக்குக் கீழே விழுந்துவிடும்.

இதே கணக்கில் 100 கி.மீ. தொலைவில் உயரம் 1.5, 150-இல் 2.6, 200-இல் 4.1, 250-இல் 5.9 கி.மீ. காரைக்காலிலிருந்து மதுரை சுமார் 215 கி.மீ.; அங்கே நடுக்கற்றை 4.6 கி.மீ. உயரத்தில். மதுரைக்காரர்கள் அந்தப் படத்தில் பார்ப்பது இடிமேகத்தின் இடுப்பையும் தோளையும்தான்.

நேர்மாறு நடப்பதற்குக் காரணம் மூன்று. கீழே காற்று வறண்டிருந்தால் துளிகள் விழும் வழியிலேயே ஆவியாகிவிடும். கோடையில் இது அதிகம். இரண்டாவது, மேக்ஸ்-இசட் படம் அந்த இடத்துக்கு மேலே எந்த உயரத்திலாவது இருக்கும் மிக வலுவான எதிரொலியைத்தான் வரைகிறது. எட்டு கிலோமீட்டர் உயரத்தில் தொங்கும் மேகமும் தரையில் கொட்டும் மழையும் அங்கே ஒரே நிறம். மூன்றாவது காற்று. நொடிக்கு ஆறு மீட்டர் வேகத்தில் விழும் துளி 2.4 கி.மீ. இறங்க ஏறக்குறைய ஏழு நிமிடம் ஆகும். நொடிக்குப் பத்து மீட்டர் காற்று அடித்தால் அதற்குள் அது நாலு கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். நல்லூர் மேலே தெரிந்த மழை வேறெங்கோ விழுந்திருக்கும்.

காலை ஆறு மணி வாக்கில் ரேடாரின் மையத்திலிருந்து கிழக்கே நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு. அடுத்த படத்தில் காணோம். இது பழுதா? (வாசகர், காஞ்சிபுரம்)

பழுதில்லை, சூரியன். சூரியனும் நுண்ணலைகளை வீசுகிறது. அடிவானத்தில் அது நிற்கும்போது ஆண்டெனா நேராக அதைப் பார்த்துவிட்டால், அந்தத் திசை முழுக்க இரைச்சல் பதிவாகும். சூரியன் நாலு நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகரும். பத்து நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் ஒன்றிரண்டு படங்களில்தான் கோடு இருக்கும். மாலையில் மேற்கேயும் இதே காட்சி.

உறுதி செய்ய, கோட்டின் திசையைப் பாருங்கள். சென்னையின் அட்சரேகையில் மார்ச், செப்டம்பர் 21-ஐ ஒட்டிச் சூரியன் சரியாகக் கிழக்கே, அதாவது வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 90 டிகிரியில் உதிக்கும். ஜூன் 21-இல் 66 டிகிரி, டிசம்பர் 21-இல் 114 டிகிரி. அஸ்தமனம் ஜூனில் 294, டிசம்பரில் 246. கோடு இந்த எல்லைக்கு வெளியே இருந்தால் வேறு காரணம் தேடவேண்டும்.

இன்னொரு அடையாளம்: கோடு வெளியே போகப் போக நிறம் வலுக்கும். தொலைவில் உள்ள மழையின் எதிரொலி தேய்ந்துதான் வரும் என்பதால் தொலைவுக்கேற்ப ரேடார் அதைத் தூக்கிக் கணக்கிடுகிறது. எந்தத் தொலைவிலும் ஒரே அளவாக இருக்கும் சூரிய இரைச்சலையும் அது அப்படியே தூக்கிவிடுகிறது. 25 கி.மீ.-க்கும் 250 கி.மீ.-க்கும் இடையே இது 20 டெசிபெல், அதாவது நூறு மடங்கு வித்தியாசம். பொறியாளர்களுக்கு இந்தக் கோடு இலவசமாகக் கிடைத்த அளவுகோல்; சூரியன் எங்கே இருக்கவேண்டும் என்பது துல்லியமாகத் தெரியும் என்பதால், ஆண்டெனாவின் திசை சரியாக இருக்கிறதா என்று இதை வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

வேளச்சேரியில் பேய்மழை. ஆனால் சென்னைத் துறைமுக ரேடாரில் எங்கள் மேல் வெறும் பச்சை. பள்ளிக்கரணை ரேடாரிலோ பாதி வானமே காணாமல் போய்விட்டது. எதை நம்ப? (வாசகி, வேளச்சேரி)

இரண்டு ரேடார்களுக்கும் இரண்டு விதமான குருட்டுத்தனம்.

துறைமுகத்தில் 2002 முதல் இயங்குவது எஸ் பேண்ட், அலைநீளம் ஏறத்தாழ 10 செ.மீ. அதன் ஆண்டெனா செங்குத்தாக மேலே பார்ப்பதில்லை. 21 டிகிரி அளவில் நின்றுவிடும். ஆகவே ரேடாருக்கு நேர் மேலே கவிழ்த்த கூம்பு வடிவில் பார்க்கப்படாத வானம் ஒன்று உண்டு. பத்து கிலோமீட்டர் உயரத்தில் அந்தக் கூம்பின் ஆரம் 26 கி.மீ. துறைமுகத்திலிருந்து வேளச்சேரி சுமார் 14 கி.மீ.; அங்கே 5.4 கி.மீ.-க்கு மேல் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. வலுவான மையம் அதற்கு மேலே இருந்தால் படம் குறைத்துத்தான் காட்டும். இதோடு, துறைமுகத்திலேயே கனமழை என்றால் ரேடாரை மூடியிருக்கும் வெள்ளைக் கோளத்தின் மேல் தண்ணீர்ப் படலம் படிந்து, எல்லாத் திசையிலும் எதிரொலி ஒரே நேரத்தில் மங்கும். படம் முழுக்க ஒரே சமயத்தில் வெளிறிப் போனால் மழை விட்டுவிட்டது என்று மாடியில் துணி காயப்போடவேண்டாம்.

பள்ளிக்கரணையில், தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவன வளாகத்தில் இருப்பது எக்ஸ் பேண்ட், அலைநீளம் 3 செ.மீ. சிறிய ஆண்டெனாவிலேயே கூர்மையான படம் தரும். அதற்கான விலை, மழையே அலையைக் குடித்துவிடுவது. மணிக்கு 50 மி.மீ. வீதம் பெய்யும் மழை பத்து கிலோமீட்டர் அகலத்தில் குறுக்கே நின்றால், போய்வரும் வழியில் 20 டெசிபெல் அளவுக்குச் சத்து போய்விடலாம். அதே மழையில் 10 செ.மீ. அலை இழப்பது ஒரு டெசிபெல்கூட இல்லை. அதனால்தான் எக்ஸ் பேண்ட் படத்தில் கனமழைக்குப் பின்னால் விசிறி விரித்தாற்போல் வெறுமை. அங்கே மழை இல்லை என்று பொருளில்லை. அங்கே பார்க்க முடியவில்லை என்று பொருள்.

நகருக்குள் மழையின் நுணுக்கத்துக்கு, மழை தொடங்கும் கட்டத்தில் பள்ளிக்கரணை. கனமழை சூழ்ந்த பிறகு துறைமுகம். துறைமுகத்தை ஒட்டியே மழை என்றால் சற்றுத் தள்ளி வடக்கே இருக்கும் ஸ்ரீஹரிகோட்டா ரேடாரின் படத்தையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரேடாரின் குருட்டுப் புள்ளி அடுத்ததற்கு நட்டநடு வானம்.

மே மாதத்தில் மதியம் கடற்கரைக்கு இணையாக மெல்லிய நீலக்கோடு தோன்றி உள்நாட்டுக்கு நகர்கிறது. விமானத்தில் மருந்து தூவுகிறார்கள், செயற்கை மழை என்று வாட்ஸ்அப்பில் படம் சுற்றுகிறது. உண்மையா? (வாசகர், செங்கல்பட்டு)

தூவியது யாரும் இல்லை. அது கடற்காற்றின் முகப்பு. ரேடார் படங்களில் இதைவிட அழகான காட்சி குறைவு.

மதியத்துக்குள் நிலம் சூடேறி, கடலிலிருந்து குளிர்ந்த ஈரக்காற்று உள்ளே புகும். எதிரே வறண்ட மேற்குக் காற்று. இரண்டும் மோதும் கோட்டில் காற்று மேலே எழும்புகிறது. கோடெங்கும் காற்றோடு அடித்துவரப்பட்ட பூச்சிகள் குவிகின்றன. மேலே போனால் குளிர் என்பதால் அவை எழும் காற்றை எதிர்த்துத் தாழவே பறக்கும். குவிந்த பூச்சிகளும், ஈரக்காற்றும் வறண்ட காற்றும் உரசும் எல்லையும் சேர்ந்து 10 முதல் 20 டி.பி.இசட் (எதிரொலியின் வலுவைச் சொல்லும் அலகு) அளவுக்கு மெல்லிய எதிரொலி தருகின்றன. மழை என்று எண்ணத்தக்கது ஏறத்தாழ 23 டி.பி.இசட்டில் தொடங்குகிறது, அது மணிக்கு ஒரு மில்லிமீட்டர். வண்ணப் பட்டியல் 20-இல் தொடங்கும் படத்தில் இந்தக் கோடு தெரியவே தெரியாது. பி.பி.ஐ. எனப்படும் தாழ்கோணப் படத்தில் தேடுங்கள்.

கோடு ரேடாரிலிருந்து 75 கி.மீ. தாண்டியதும் கரைந்துபோகும். கடற்காற்று கலைந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். அதன் ஆழமே ஒரு கிலோமீட்டர் அளவுதான். அந்தத் தொலைவில் கற்றை அதற்கு மேலே போய்விடுகிறது.

மாலை இடிமழை எங்கே பிறக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு இந்தக் கோடு பெரிய துப்பு. கோடு வளைந்தோ, இன்னொரு கோட்டோடு வெட்டியோ இருக்கும் இடத்தைக் குறித்துவையுங்கள். இடிமழையிலிருந்து வெளியேறும் குளிர்காற்றும் வில்போல விரியும் ஒரு கோடாகத் தெரியும். அது கடற்காற்றுக் கோட்டைத் தொடும் இடத்தில் அரை மணியில் புதிய மேகம் முளைப்பது சகஜம்.

உயிரினங்கள் ரேடாரில் சிக்குவது உலகெங்கும் உண்டு. 2019 ஜூலையில் இங்கிலாந்தின் தென்பகுதியில் பறக்கும் எறும்புக் கூட்டம் அந்நாட்டு வானிலை ரேடாரில் மழைபோலவே பதிவானது. அமெரிக்காவில் பர்ப்பிள் மார்ட்டின் பறவைகள் விடியலில் உறைவிடத்தை விட்டு எல்லாப் பக்கமும் கிளம்பும்போது படத்தில் வடைபோல வளையம் விரியும். இருமுனைவு ரேடார்களில் இதைப் பிரிப்பது எளிது. கிடையாகவும் செங்குத்தாகவும் அனுப்பும் இரு அலைகளின் எதிரொலியும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அவை அளக்கும். மழையில் ஒப்புமை 0.97-க்கு மேல், சிறகும் காலும் உள்ளவற்றில் பெரும்பாலும் 0.8-க்குக் கீழே.

டாப்ளர் வேகப் படத்தில் சிவப்புக்கு நடுவே திடீரென்று பச்சைத் திட்டு வருகிறது. சுழல்காற்றா? (கல்லூரி மாணவி, மதுரை)

பெரும்பாலும் வேகம் மடிந்திருக்கிறது. இந்தப் படத்தில் ரேடாரை விட்டு விலகும் காற்று ஒரு நிறம், நெருங்கும் காற்று இன்னொரு நிறம். ரேடார் நொடிக்கு எத்தனை பல்ஸ் (அலைத் துடிப்பு) அனுப்புகிறதோ, அதை அலைநீளத்தால் பெருக்கி நாலால் வகுத்தால் அதற்குப் புரியும் அதிகபட்ச வேகம். 10 செ.மீ. அலை, 600 பல்ஸ் என்றால் நொடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கி.மீ. அதற்கு மேல் போனால் வண்டியின் கிலோமீட்டர் மீட்டர் 99999-க்குப் பிறகு 00000 ஆவதுபோல் எதிர்ப்பக்கத்தில் தொடங்கிவிடும். நொடிக்கு 20 மீட்டரில் விலகும் காற்று 10 மீட்டரில் நெருங்குவதாகத் தெரியும். 30 மீட்டரில் அடிக்கும் புயல்காற்று பூஜ்யம் என்று தெரியும்! 2016 டிசம்பர் 12-இல் சென்னையைக் கடந்த வர்தா போன்ற புயலில் இதைச் சரிசெய்யாமல் படம் வரைந்தால் மிஞ்சுவது வண்ணக் குழப்பம்தான்.

அடையாளம் காண, நிறம் மாறும் எல்லையில் விரலை வைத்துப் படியுங்கள். ஒரு பக்கத்தின் உச்ச வேகத்திலிருந்து மறுபக்கத்தின் உச்சத்துக்கு, நடுவில் பூஜ்யத்தைத் தொடாமல் தாவினால் அது மடிப்பு. உண்மையான காற்று மாற்றத்தில் நடுவே பூஜ்யத்துக்கான நிறம் மெல்லியதாகவாவது இருக்கும்.

பல்ஸைக் கூட்டிவிட்டால் தீர்ந்ததா? இல்லை, அப்போது தொலைவு குறையும். நொடிக்கு 600 பல்ஸ் என்றால், அடுத்த பல்ஸ் கிளம்புமுன் எதிரொலி போய்வரக்கூடிய தொலைவு 250 கி.மீ. 1,200 ஆக்கினால் 125 கி.மீ. இரண்டையும் ஒன்றாகப் பெற முடியாத இந்த இழுபறிக்குப் பெயரே டாப்ளர் சங்கடம். இரண்டு பல்ஸ் வீதங்களை மாற்றி மாற்றி அனுப்புவது ஒரு வழி. 600-உம் 450-உம் கலந்தால் புரியும் வேகம் நொடிக்கு 45 மீட்டராக உயரும். ஆனால் காற்று சட்டென்று மாறும் இடங்களில் அந்தக் கணக்கு தடுமாறி, மிளகைத் தூவினாற்போல் தனித்தனிப் புள்ளிகள் தவறான நிறத்தில் வரும்.

தொலைவிலும் மடிப்பு உண்டு. 310 கி.மீ.-இல் நிற்கும் உயர்ந்த இடிமேகத்தின் எதிரொலி அடுத்த பல்ஸ் கிளம்பிய பிறகு வந்துசேர்ந்தால், ரேடார் அதை 60 கி.மீ.-இல் போட்டுவிடும். கோண அளவு மாறாததால் 20 கி.மீ. அகல மேகம் நாலு கிலோமீட்டராக ஒடுங்கி, நீளம் மட்டும் அப்படியே இருக்கும். மையத்தை நோக்கி நீண்ட வெண்டைக்காய் போன்ற வடிவம், உயரப் பட்டையில் பொருந்தாத உயரம் இரண்டும் இருந்தால் 250 கி.மீ.-க்கு வெளியே அதே திசையில் என்ன மேகம் நிற்கிறது என்று செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள்.

புயல் கடந்த மறுநாள் ரேடாரைச் சுற்றி மோதிரம்போல் ஒரு வளையம். அந்த வளையத்தில் மட்டும் அதிக மழையா? (வாசகர், கடலூர்)

இல்லை. பனி உருகும் உயரத்தைக் கற்றை வெட்டும் இடம் அது. நம் வானத்தில் ஏறத்தாழ 5 கி.மீ. உயரத்துக்கு மேலே துளிகள் பனிச் சீவல்களாக இருக்கின்றன. கீழே இறங்கும்போது மேல்புறம் உருகி நீர் பூசிக்கொள்கின்றன. ரேடாரின் கண்ணுக்கு அவை பிரம்மாண்டமான மழைத்துளிகள். எதிரொலி துளி விட்டத்தின் ஆறாம் அடுக்கைச் சார்ந்தது, 4 மி.மீ. துளி ஒன்று 1 மி.மீ. துளிகள் 4,096-க்குச் சமம். இன்னும் கீழே வந்து முழுக்க உருகியதும் துளி சுருங்கி, வேகமெடுத்து விழுந்து, எதிரொலி மறுபடி குறையும்.

வளையத்தின் ஆரம் கோணத்தைப் பொறுத்தது. 4.8 கி.மீ. உயரத்தில் உருகினால், 2 டிகிரிக் கற்றையில் 115 கி.மீ., 5 டிகிரியில் 53, 10 டிகிரியில் சுமார் 27. கோணம் கூடக்கூட வளையம் சுருங்கினால் சந்தேகமே வேண்டாம். மேக்ஸ்-இசட்டின் உயரப் பட்டையில் இது கிடைமட்ட நாடாவாகத் தெரியும். சீரான, இடியில்லாத மழையில்தான் தெளிவாக வரும். இடிமழையின் ஏறுகாற்று எல்லாவற்றையும் கலக்கிவிடும். நாடாவுக்குள் எதிரொலி 8 டெசிபெல் கூடினால் ரேடார் போடும் மழைக் கணக்கு மூன்று மடங்காகிவிடும். 24 மணிநேர மழைத்தொகைப் படத்தில் வளையமாக ஒரு வெள்ளக்காடு தெரிந்தால் மழைமானிப் பதிவைப் பார்க்காமல் பதறவேண்டாம்.

படத்தில் விட்டுவிட்டு ஓடும் புள்ளிக்கோடுகள் எப்போதும் ஒரே திசையில். சூரியன் இல்லாத நேரத்திலும். (வாசகர், திருவனந்தபுரம்)

வேறொரு கருவியின் அலை குறுக்கிடுகிறது. தும்பாவில் உள்ளது போன்ற சி பேண்ட் ரேடார்கள் 5 ஜிகாஹெர்ட்ஸ் வரிசையில் இயங்குகின்றன. வைஃபையின் ஒரு பகுதியும் அங்கேதான். அமெரிக்காவில் இந்தத் தொல்லை முதலில் பெரிதாகப் பிடிபட்டது 2009-இல், போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலைய ரேடாரில். இதற்காகவே ரவுட்டர்களில் டி.எஃப்.எஸ். என்ற ஏற்பாடு: அந்த அலைவரிசையில் தொடங்குமுன் 60 நொடி காதுகொடுத்துக் கேட்கவேண்டும், ரேடாரின் அலை பிடிபட்டால் விலகி 30 நிமிடம் திரும்பக்கூடாது. வேகம் கிடைக்கும் என்று ரவுட்டரில் நாட்டின் பெயரை மாற்றிவைப்பவர்கள் இந்த ஏற்பாட்டை முடக்கிவிடுகிறார்கள். கூரைமேல் வெளிப்புற ஆண்டெனா வைத்து இணையம் கடத்துபவர்கள்தான் பெரிய குற்றவாளிகள். வீட்டுக்குள் இருக்கும் ரவுட்டர் அவ்வளவு தூரம் எட்டாது.

கோடை இடிமழையின் சிவப்பு மையத்துக்குப் பின்னால், ரேடாருக்கு எதிர்ப்பக்கமாக வால்போல் ஒன்று நீள்கிறது. (வாசகர், திருவண்ணாமலை)

ஆலங்கட்டி. கற்றை பெரிய கட்டிகளில் பட்டுத் தரைக்குச் சிதறி, தரையிலிருந்து மறுபடி கட்டிகளுக்கு வந்து, அங்கிருந்து ரேடாருக்குத் திரும்புகிறது. வழி நீண்டதால் எதிரொலி தாமதிக்கிறது. தாமதத்தை ரேடார் தொலைவாக எண்ணி மையத்துக்குப் பின்னால் வரைகிறது. வாலின் வலு பெரும்பாலும் 20 டி.பி.இசட்டுக்குள், மையம் 60-ஐ ஒட்டியோ தாண்டியோ. கட்டிகள் உயரே இருக்கும்போதே வால் தோன்றிவிடலாம். கண்டால் வண்டியைக் கூரைக்கடியில் விடுங்கள்.

மழைத்தொகைப் படத்தில் ஒரு குறிப்பிட்ட திசையில் மட்டும் எப்போதும் ஆப்புபோல் மழை குறைவு. (வாசகர், ஆவடி)

மறைப்பு. ரேடாரிலிருந்து ஒரு கிலோமீட்டரில் அதைவிட 20 மீட்டர் உயர்ந்த கட்டடம் எழும்பினால் 1.1 டிகிரிக்குக் கீழே அந்தத் திசையே அடைபடும். மலைகளும் அப்படியே: சென்னையிலிருந்து 120 கி.மீ. அளவில் உள்ள திருமலைப் பகுதியில் அரை டிகிரிக் கற்றையின் அடிவிளிம்பு 900 மீட்டரை ஒட்டித்தான் போகிறது. ஓங்கிய முகடுகள் அதைக் கடித்துவிடும். உண்மையான மழைக்குறைவு ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும். மறைப்பு மாறாது, ஓரம் கத்தியால் நறுக்கியதுபோல் நேராக இருக்கும்.

படத்தின் ஓரத்தில் இருக்கும் நேரம் எப்போதும் தவறாகவே இருக்கிறதே? (வாசகி, நாகப்பட்டினம்)

தவறில்லை, அது யு.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரம். அதனுடன் ஐந்தரை மணிநேரம் கூட்டுங்கள். 12:30 என்றிருந்தால் நமக்கு மாலை ஆறு. படத்தில் 18:30 என்றால் நமக்கு நள்ளிரவு, அதற்கு மேல் தேதியும் மாறிவிடும் என்பதை மறந்து, நேற்றைய மழையை இன்றையது என்று பகிர்பவர்கள் நிறைய. படம் தயாராகி வலைதளத்துக்கு வரவே சில நிமிடம் ஆகும். ரேடார் பராமரிப்பில் இருந்தால் பழைய படமே மணிக்கணக்கில் நிற்கும். நிறத்தைப் பார்க்குமுன் அந்த மூலையைப் பாருங்கள்.